கடைசி வரியில் கோதுமை

“டீச்சர், நெல்லு கை சுடுது.”

போனை எடுத்ததும் முருகையன் சொன்னது இதுதான். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக ஒதுங்கி நின்றிருந்தேன். தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை, மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. அறுவடை நேரம். டெல்டாவில் வயல் வைத்திருந்த எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எந்த நெல் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

“விதைநெல்லுங்க.”

விதைக்கு வைக்கிற நெல்லை மெஷினில் உலர்த்தினால் சூடு நாற்பது டிகிரியை ஒட்டித்தான் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் நெல் வெளிப்பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், உள்ளே முளை செத்துப்போகும். நாற்பது டிகிரியில் இருக்கும் நெல் கையைச் சுடாது. வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

திரையில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றேன். மெஷினின் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் வந்தது.

“படிக்க வரலீங்க. இங்கிலீஷ்ல இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் திரையை முழுக்கத் தமிழாக்கிக் கொடுத்தவளே நான்தான். போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். மழைக்குச் சிக்னலும் நனைந்துவிட்டதோ என்னவோ, போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரத்தநாடு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, கிளம்பியும் போனது. நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

படம் வந்தது. ஐந்து வரிப் பட்டியல். கடைசி வரி நீலமாக இருந்தது. Wheat. பக்கத்தில் அறுபது.

விதைநெல் கோதுமையின் சூட்டில் வெந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். பதினோரு மணிக்குப் போட்டதுங்க என்றார். அப்போது மணி இரண்டு.

அடுப்புப் படம் போட்ட பொத்தானை மட்டும் அமுக்குங்கள், காற்றாடியை நிறுத்திவிடாதீர்கள், காற்று ஓடட்டும் என்று கத்தினேன். பக்கத்தில் கீரைக்கட்டோடு நின்ற பெண்மணி ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

டிப்ளமாவும் முருகையனும்

இந்த மெஷின் எங்கிருந்து முளைத்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே பதினெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயிகள் குழு வைத்திருந்தார்கள். மழையில் நனைந்த நெல்லை ரோட்டில் காயப்போட்டு அலுத்து, வடக்கேயிருந்து ஒரு உலர்த்தும் மெஷினை வரவழைத்தார்கள். உமியில் எரியும் அடுப்பு, பெரிய காற்றாடி, இரண்டையும் ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளம். திரையில் எல்லாம் ஆங்கிலம்.

குழுத் தலைவர் கோவிந்தராஜ் கறாரானவர். மெஷினில் உட்கார டிப்ளமா படித்தவர்தான் வேண்டும், இங்கிலீஷ் தெரியாமல் இதைத் தொடக் கூடாது என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். தஞ்சாவூரில் பல வருஷம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள், லினக்ஸ் நிரல்களைத் தமிழாக்குவதில் பித்துப் பிடித்தவள், வாய் சும்மா இருக்குமா? படித்தவர் எதற்கு, நான் தமிழில் செய்து தருகிறேன், முருகையனே போதும் என்று சொல்லிவிட்டேன்.

முருகையனுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். குழுவின் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பு அவருடையது. எந்த மடையை எவ்வளவு தூக்கினால் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் எட்டும் என்பது அவருக்கு அத்துப்படி. தமிழ் நன்றாகப் படிப்பார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்தே காலத்தை ஓட்டியவர்கள். இவர்தான் அந்த வீட்டில் முதல்முறையாக இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, அதிலும் விதைப்பயிராகவே போட்டிருந்தார். விதைச் சான்று அதிகாரிகள் இரண்டு முறை வந்து வயலைப் பார்த்துச் சரியென்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

விதை மூட்டையின் வாயில் ஒரு சீட்டு வைத்துத் தைப்பார்கள். அதில் விளைவித்தவரின் பெயர் இருக்கும். ‘யார் யார் வீட்டு விதையையோ தெளிச்சிருக்கோம் டீச்சர், எங்க பேரு போட்ட மூட்டைய எங்க வீட்டுல யாரும் பாத்ததில்ல’ என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. பயிர் வீடு வந்து சேரும்வரை எதையும் பெருமையாகச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

அந்த நெல்தான் கோதுமையின் சூட்டில் கிடந்தது.

நாகூர்க்காரரும் கட்டங்களும்

இடையில் ஒரு பழைய கதை. அந்த பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது இதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நாகூரிலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தமிழில் பத்திரிகை அடிக்க வந்தார். என் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கோப்பை வாங்கிப் போய் வேறு இடத்தில் அச்சடித்தார். மறுநாள் திரும்பி வந்து ஒரு தாளை நீட்டினார். மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். எழுத்துரு என் மெஷினில் மட்டும்தான் இருந்தது.

என் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் ஊருக்கே சரியாகத் தெரியும் என்று நினைக்கும் புத்தி அன்றோடு ஒழிந்தது என்றுதான் நம்பியிருந்தேன். பிறவிக் குணம் பொங்கல் இட்டாலும் போகாது என்பார்கள்.

தலைமடை, நடுமடை, கடைமடை

மெஷினின் நிரலை நான் தமிழாக்கியது உண்மை. ஒரு வரி விடாமல் செய்தேன். பிறகு, இந்தக் கம்ப்யூட்டரின் மொழி தமிழ் என்று சொல்லும் வரியை எழுதினேன். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு அது LANG=ta_IN.UTF-8 என்றால் புரியும். மற்றவர்களுக்கு, ‘இனிமேல் தமிழில் பேசு’ என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான்.

அதை எந்தக் கோப்பில் எழுதினேன் என்பதில்தான் வினை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்பு ஜன்னல் ஒன்று உண்டு. அது திறக்கும்போது மட்டும் படிக்கிற கோப்பில் எழுதினேன். .bashrc என்று பெயர். எழுதிவிட்டு, அதே கறுப்பு ஜன்னலிலிருந்தே நிரலை ஓட்டினேன். திரை முழுக்கத் தமிழ் பூத்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

முருகையன் பட்டியலைப் படித்தார். உளுந்து, கோதுமை, நெல், மக்காச்சோளம், விதைநெல். இரண்டு முறை படித்துவிட்டு, தனக்குப் பழக்கமான கணக்கில் வைத்துக்கொண்டார்.

“தலைமடை உளுந்து. நடுமடை நெல்லு. கடைமடை விதைநெல்லு. போதுங்க.”

வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் திறக்கும் இடம் கடைமடை. அவர் சொன்ன அழகில் நான் சொக்கிப்போனேன். போகிற இடமெல்லாம் சொன்னேன். போன மாதம் இந்தத் தொடரில்கூட அதைப் பெருமையாக எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கலாம். மீதியை அன்று எழுதத் தைரியம் வரவில்லை.

மறுநாள் முருகையன் கறுப்பு ஜன்னலைத் திறக்கவில்லை. அவர் ஏன் திறக்கப்போகிறார்? திரையில் நெல்மணிப் படம் போட்ட சின்னம் இருந்தது. அதைத் தட்டினார். டெஸ்க்டாப்பில் சின்னத்தைத் தட்டித் திறக்கிற நிரல் என் கோப்பின் பக்கமே போகாது. அது ஆங்கிலத்திலேயே திறந்தது.

அந்தப் பட்டியல் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியின் அகரவரிசையில் தன்னை அடுக்கிக்கொள்ளும். தமிழில் கடைசி வரி விதைநெல். ஆங்கிலத்தில் கடைசி வரி கோதுமை. நடு வரி மட்டும் இரண்டிலும் நெல். பத்து நாள் சாதா நெல்லாகவே வந்ததால் நடுமடையைத் தட்டித் தட்டி எல்லாம் ஒழுங்காக ஓடியது. பதினோராவது நாள் விதைநெல் வந்தது.

எல்லோருக்கும் கேட்டது, யாருக்கும் புரியவில்லை

நான் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. கோவிந்தராஜும் குழுவில் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். முருகையன் மெஷினின் பக்கவாட்டில், கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றார். சூட்டை அளக்கிறேன் என்று திரும்பத் திரும்ப நெல்லுக்குள் விட்டு விரல்கள் சிவந்திருந்தன.

கோவிந்தராஜ் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னிடம் திரும்பி, ‘நான் அப்பவே சொன்னேனே மேடம்’ என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன் தெரியுமா? சூழல் மாறியை பாஷ்ஆர்சியில் வைத்துவிட்டேன், டெஸ்க்டாப் செஷன் அதை எடுத்துக்கொள்ளவில்லை, லொகேல் மாறாததால் வரிசை மாறிவிட்டது என்றேன். மாணவர்கள் முன்னால் நிற்பதுபோல் நின்று சொன்னேன்.

எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒரு பெரியவர், மேடத்துக்குப் பெரிய மனசு, முருகையனை விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாங்க என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். திங்கட்கிழமையிலிருந்து டிப்ளமா படித்த ஒருவரை உட்காரவைப்பது என்று கோவிந்தராஜ் முடிவு சொன்னார்.

அந்த நேரத்தில், இல்லை ஐயா, நீங்கள் நினைப்பதுபோல் இல்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிய மனசு என்ற பேர் எனக்கு அந்தக் கணத்தில் தேவைப்பட்டது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

முருகையன் என்னைப் பார்க்கவில்லை. மெஷினில் இடம் போதாமல் வெளியே நின்றிருந்த அவருடைய ஆறு மூட்டை ஈர நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஈரச் சாக்கு

முளை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான். நூறு நெல்லை எண்ணி, ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுற்றிவைக்க வேண்டும். மூன்றாம் நாள் பிரித்து எண்ண வேண்டும்.

முருகையன் இரண்டு சாக்கு சுற்றினார். ஒன்று மெஷினிலிருந்து எடுத்த நெல். மற்றது மெஷினுக்குள் போகாத அந்த ஆறு மூட்டையிலிருந்து எடுத்தது. முளைக்காமல் போனால் நெல்லின் மேல் குற்றமா, சூட்டின் மேல் குற்றமா என்று தெரிய வேண்டும் அல்லவா? டிப்ளமா படித்த யாரும் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

அந்த மூன்று நாளும் மழை விடவில்லை. ஆறு மூட்டையையும் அவர் வீட்டுக்குள் தரையில் பரப்பி ஃபேனைப் போட்டிருந்தார். அவரும் அவர் மனைவியும் மாறி மாறிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். படுக்க இடமில்லாமல் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தினமும் போனேன். காபி கொடுத்தார்கள். நெல்லிலிருந்து புளித்த வாடை கிளம்ப ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் அதுவும் போய்விடும் என்று அவர் மனைவி யாரையும் பார்க்காமல் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் சாக்கைப் பிரித்தோம். முதலில் மெஷினுக்குள் போகாத நெல். வெள்ளை வெளேரென்று முளை. தொண்ணூற்று நான்கு.

மெஷின் நெல்லை அவர் ஒவ்வொன்றாக நகத்தால் தள்ளித் தள்ளி எண்ணினார். பதினேழில் நின்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் பதினேழுதான்.

அவர் நெல்லில் பெரும்பங்கு அதற்குள்தான் இருந்தது. அதெல்லாம் இனி அரிசிக்குத்தான். அந்த மூட்டைகளில் யார் பெயரும் இருக்காது.

“இது என் தப்பு முருகையன்,” என்றேன். “அன்னிக்கு எல்லார் முன்னாடியும் புரியாத மாதிரி சொல்லிட்டேன். இப்ப புரியுற மாதிரி சொல்றேன்.”

கறுப்பு ஜன்னலுக்கு மட்டும் கேட்கிற இடத்தில் எழுதிவிட்டு, சின்னத்தைத் தட்டிப் பார்க்காமலே போய்விட்டேன் என்று சொன்னேன். ஒரே ஒரு முறை தட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன்.

அவர் முளைக்காத நெல்லை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“கிளை வாய்க்கால் மடையத் தொறந்துட்டு, எல்லா வயலுக்கும் தண்ணி போயிருச்சுன்னு நெனச்சுட்டீங்க. வாய்க்கால் தலைப்புல தொறந்திருக்கணும்.”

ஆமாம் என்றேன். முப்பது வருஷம் பாடம் எடுத்தவள் இதை இப்படிச் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

“ரெண்டாம் நாளே இங்கிலீஷ்ல வந்ததப் பாத்தேங்க,” என்றார் பிறகு. “சொல்லியிருப்பேன். சொன்னா, தமிழ்ல ஆகலேன்னு டிப்ளமாவ உட்கார வச்சுருவாங்க. உங்க பேச்சும் கெட்டுப்போகும். நடுமடைதான் சரியா ஓடுதேன்னு இருந்துட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு.”

என் பேச்சு கெடக் கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். என் பேர் கெடக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டும் ஒன்றல்ல.

தலைப்பில் திறந்தது

அன்று பத்து மணிக்கே குழுவைக் கூட்டச் சொன்னேன். இரண்டு ஈரச் சாக்கையும் நடுவில் விரித்துவைத்தேன். இந்த முறை நிற்கவில்லை, எல்லோரோடும் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

கிளை வாய்க்காலில் திறந்துவிட்டு எல்லா வயலும் பாய்ந்துவிட்டதாக நினைத்தவள் நான், வரிசை மாறியது என்னால், முருகையன் கை வைத்தது நான் காட்டிய வரியில்தான் என்றேன். முடிப்பதற்குள்ளேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததால் கோபமும் வந்தது. பெரிய மனசு என்று சொன்ன அதே பெரியவர், தண்ணி பாய்ச்சத் தெரியாதவங்க மடையில கை வைக்கக் கூடாதும்மா என்றார். வாங்கிக்கொண்டேன். மூன்று நாளாக எனக்கு வர வேண்டியது அது.

கோவிந்தராஜ் எழுந்தார். மெஷினைக் காட்டி, இப்போது சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

எல்லோர் முன்னாலும் சரிசெய்தேன். பழைய வரியை எடுத்துவிட்டு, உள்நுழையும்போதே படிக்கப்படும் .profile கோப்பில் எழுதினேன். கணக்கை விட்டு வெளியேறி, மறுபடி கடவுச்சொல் போட்டு உள்ளே வந்தேன். வந்ததும் கறுப்பு ஜன்னலைத் திறக்கவில்லை. எழுந்து நாற்காலியை முருகையனுக்கு விட்டேன்.

அவர் கோவிந்தராஜைப் பார்த்தார்.

“உன் ஆறு மூட்டைதானே? நீயே போடு,” என்றார் கோவிந்தராஜ்.

ஆறு மூட்டையும் அவர் வீட்டிலிருந்து வந்து மெஷினுக்குள் இறங்கியிருந்தது. இதுவும் போனால் அவருக்கு விதை என்று சொல்ல ஒரு மணி மிஞ்சாது. முருகையன் நெல்மணிச் சின்னத்தைத் தட்டினார். தமிழில் திறந்தது. பட்டியலை இறக்கினார். கடைசி வரிக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. முதல் வரியில் விரலை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொன்றாகப் படித்தார். உளுந்து. கோதுமை. நெல். மக்காச்சோளம். விதைநெல். பிறகு திரும்பி, நீங்களும் ஒரு தடவை படிச்சிருங்க டீச்சர் என்றார். நானும் விரல் வைத்துப் படித்தேன். அதன்பிறகுதான் அமுக்கினார்.

சூடு முப்பதிலிருந்து ஏறத் தொடங்கியது. முப்பத்தைந்தில் எல்லோரும் திரையை நெருங்கினார்கள். நாற்பதுக்கு வந்து, ஒன்று கூடி, மறுபடி நாற்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எண் அசையவில்லை.

அந்த ஆறு மூட்டையின் வாயிலும் பின்னால் சீட்டு வைத்துத் தைத்தார்கள். முருகையன் பெயர் போட்ட சீட்டு. முப்பது மூட்டைக்கு மேல் வந்திருக்க வேண்டியது.

அன்று எண் நாற்பதில் நின்ற பிறகு முருகையன் எழுந்து மெஷினின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். துண்டைச் சுற்றிய கையை நீட்டப்போனவர், நிறுத்திக்கொண்டார்.

“போன தடவ என் கை சுட்டுச்சு. இந்தத் தடவ நீங்க வச்சுப் பாருங்க, டீச்சர்.”

வளையலைக் கழற்றிவிட்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். நெல் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் போதும் என்று சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.